இறங்கித் தள்ள வேண்டிய தெரு

மலேசியாவிலிருந்து சொந்த ஊர் பார்க்க வருகிறவர்கள் டிரான்சிஸ்டர் கொண்டுவருவார்கள், நைலான் சேலை கொண்டுவருவார்கள், தைல பாட்டில் கொண்டுவருவார்கள். நான் சைக்கிள் கொண்டுவந்தேன். சென்னைத் துறைமுகத்தில் சாக்கைப் பிரித்துப் பார்த்த சுங்க அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏன், இங்கே சைக்கிள் கிடைக்காதா?”

இது சாலையில் ஓட்டுகிற சைக்கிள் இல்லை என்றேன். மட்கார்டைக் கழற்றிவிட்டு, பழைய மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பொருத்தி, பின்னால் பெரிய பல்சக்கரம் மாட்டி, கிடைத்ததிலேயே தடித்த டயராகப் பார்த்துப் போட்டிருந்தேன். ஈப்போ பக்கத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ரப்பர் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளிலும் பழைய ஈயச் சுரங்கத்து மணல்மேடுகளிலும் இந்த மாதிரி சைக்கிள்களில் பந்தயம் விடுவோம். பிழைப்புக்கு நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் வேலை பார்க்கிறேன். சைக்கிளில் இதுவரை சம்பாதித்தது ஒரு மூன்றாம் பரிசுக் கோப்பையும் ஒரு காறை எலும்பு முறிவும்தான்.

“மலைமேல சைக்கிள்ல எதுக்குய்யா போகணும்?”

“திரும்பிக் கீழே வரத்தான் சார்.”

அவர் சிரித்துவிட்டுச் சாக்கின்மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

அது எழுபதுகளின் தொடக்கம். சித்தப்பா மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு நெஞ்சு வலி இருந்ததால் கப்பலேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்குப் பதிலாக நான் வந்தேன். அப்பாவின் ஊரை அதுவரை நான் பார்த்ததில்லை. காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டை வழியாக வாலாஜாபாத் போகும் சாலையில் இறங்கி, பாலாற்றுப் பக்கம் திரும்பினால் அந்த ஊர். பெயரை எழுதப்போவதில்லை. என் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

காஞ்சிபுரம் பஸ்ஸின் கூரைமேல் சைக்கிளை ஏற்றிக் கட்டினார்கள். வழியில் ஒரு புளியமரக் கிளை அதன் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துக் கோணலாக்கியது. இன்னும் கொஞ்ச தூரத்தில் ரேடியேட்டர் கொதித்து பஸ் நின்றது. கண்டக்டர் தகர டின்னோடு வயலுக்குள் இறங்கிப் போனார். என் பின்சீட்டில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் தெலுங்குக் குடும்பங்கள் நிறைய உண்டு, எனக்கு அந்த பாஷை புரியும். “கூரைமேல் இரும்பைக் கட்டிக்கொண்டு போகிறானே, இவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது” என்றாள் ஒருத்தி. “ஆகியிருந்தால் இரும்பை விட்டுவிட்டு அவளைக் கூட்டி வந்திருப்பான்” என்றாள் மற்றவள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் நிலையத்தில் சித்தப்பா மாட்டு வண்டியோடு காத்திருந்தார். என்னை அடையாளம் காட்ட யாரும் தேவைப்படவில்லை. நேராக வந்து இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டார். “எங்க அண்ணன் மூக்கு அப்படியே இருக்குது” என்றார். அழுதார். சைக்கிளை நான் கையில் தள்ளிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. வண்டியில் வைக்கோலைப் பரப்பி, குழந்தையைக் கிடத்துகிற மாதிரி அதைக் கிடத்தினார். “கடல் தாண்டி வந்தது, இங்க வந்தா அடிபடணும்?”

அவர் வீட்டில் முதல் நாள் மதியம் சாப்பிட்ட மொச்சைக்கொட்டைக் குழம்பை இப்போதும் நாக்கு மறக்கவில்லை. சித்தி கரண்டியைக் கீழே வைக்கவேயில்லை. சாப்பிட்டுக்கொண்டே அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள். வெள்ளைக்காரத் துரையின் கார் வந்தால் சைக்கிளில் போகிற கூலியாள் இறங்கி ஓரமாக நின்று, கார் போன பிறகுதான் ஏற வேண்டும் என்று எங்கள் தோட்டத்தில் ஒரு காலத்தில் வழக்கம் இருந்தது. அப்பா அப்படி இறங்கி நின்றதைச் சின்ன வயதில் பின்சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். பேச்சுவாக்கில் அதைச் சொன்னேன்.

சித்தப்பா சோற்றில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார்.

“எங்க அண்ணனா எறங்கி நின்னுச்சு?”

“அந்த வழக்கமெல்லாம் இப்போது போய்விட்டது சித்தப்பா.”

“அந்த வெள்ளக்காரன் நல்லா இருப்பானா?” என்றார். அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் முதல் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கல்யாண வேலையில் எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அவர்களும் விருந்தாளியை வேலை வாங்க விரும்பவில்லை. இந்தப் பக்கத்தில் மலை கிடையாது என்று கேள்விப்பட்டபோது ஏமாற்றமாக இருந்தது. ஆனால் ஏரிக்கரைகள் இருந்தன. தென்னேரி வரைக்கும் ஒருநாள் போனேன். அந்த ஏரி, கரையில் நிற்பவனுக்குக் கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது. கரையின் உச்சியில் ஒரு மாட்டுக்கு மட்டும் போதுமான அகலத்தில் தடம். மழையில் பதிந்த குளம்புக் குழிகள் வெயிலில் காய்ந்து கல்லாகியிருந்தன. ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் இரண்டு ஆள் உயரத்துக்குச் சரிவு. சீட்டிலிருந்து எழுந்து, முட்டியை மடக்கி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி ஓட்டினால்தான் பல் உடையாமல் போகலாம். எங்கள் ஊரில் வழுக்கும் வேரும் அட்டையும்தான் எதிரி. இங்கே கருவேல முள். போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று என்று டியூபில் ஒட்டுப்போட்டேன். வரப்பில் போன பெண்கள் நின்று பார்த்தார்கள். நல்ல ரோடு கீழே இருக்கும்போது இவன் ஏன் கரைமேல் போகிறான் என்று அவர்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

ஞானமுத்துவை ஓரிக்கைக்குப் பக்கத்தில், பாலாற்று மணலில் பார்த்தேன். ஆறு அப்போது பேருக்குத்தான். நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர், மற்றதெல்லாம் மணல். நான் காற்றைப் பாதி இறக்கிவிட்டு மணலில் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தேன். எதிர்க்கரையிலிருந்து ஒருவன் சைக்கிளின் பின்னால் ஆளுயரத்துக்கு விறகு கட்டி, நின்றபடி மிதித்து மணலில் வந்துகொண்டிருந்தான். இறங்கவில்லை. என் பக்கத்தில் வந்து ஒரு காலை ஊன்றி நின்றான்.

“இன்னா சார், உன் வண்டி கொரங்கு மாதிரி இருக்குது?”

என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு இருக்கும். காஞ்சிபுரத்தில் ஒரு விறகுத் தொட்டியில் வேலை, சாயப் பட்டறைகளுக்கு விறகு கொண்டுபோய்ப் போடுவான். சித்தப்பாவின் ஊரைச் சேர்ந்தவன்தான், ஊருக்கு வெளியே வயலைத் தாண்டி இருக்கும் காலனியில் வீடு. பெஞ்சாதி பேர் ரோசம்மா என்று கேட்காமலே சொன்னான். விறகை இறக்கி வைத்துவிட்டு வா, அக்கரைவரை போகலாம் என்றேன். விறகை இறக்கினான். என்னைத் தோற்கடித்தான். மறுபடி போனோம். மறுபடி தோற்கடித்தான். மூன்றாம் தடவை நான் ஜெயித்தபோது, “சார் வூட்டு விருந்தாளி, அதான் வுட்டேன்” என்றான். அவனுக்குப் பணிவு என்பது அவ்வளவாக வராது. எனக்கு அது பிடித்திருந்தது. இரண்டு நாளில் ‘சார்’ போய் ‘அண்ணாத்த’ ஆகிவிட்டது.

கரைமேல் இருந்த கடையில் டீ குடித்தோம். எனக்குக் கண்ணாடி கிளாஸில் வந்தது. அவன் கூரையில் செருகியிருந்த ஒரு அலுமினிய டம்ளரைத் தானே எடுத்துக் கழுவி நீட்டினான், குடித்ததும் கழுவி அங்கேயே செருகினான். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவன் பார்த்தான். “சூடு ஆறாது அண்ணாத்த, இதுல” என்று மட்டும் சொன்னான்.

பொங்கலன்று காலையில் சித்தப்பா மகன் ஏகாம்பரம் என்னிடம் வந்தான். இளைஞர் மன்றத்துக்கு அவன்தான் செயலாளர். காணும் பொங்கலன்று வருஷா வருஷம் சைக்கிள் பந்தயம் நடத்துவார்கள். ஏரி மதகில் ஆரம்பித்து, கரைமேல் போய், அறுத்த வயலில் இறங்கி, ஆற்றைக் கடந்து அக்கரையில் நட்ட கொடியைச் சுற்றி, திரும்ப ஆற்றைத் தாண்டி, பனந்தோப்பு வழியாக ஊர்த்தெருவுக்குள் வந்து அம்மன் கோயிலில் முடிக்க வேண்டும்.

“அண்ணே, நீயும் ஓட்டணும். மலேசியாலேந்து வந்த வீரர்னு மைக்குல சொல்லிட்டோம்.”

“ஞானமுத்து ஓட்டுகிறானா?”

அவன் முகம் கொஞ்சம் மாறியது. “ஓட்றான். பரிசு குடுக்க வர்ற கட்சிக்காரர் யார் வேணா கலந்துக்கலாம்னு சொல்லிட்டாரு. பேர் குடுத்துட்டான். ஆனா தெருவுல எறங்கித் தள்ளிக்கினு வந்துடணும். அதைச் சொல்லிட்டோம்.”

எனக்குப் புரியவில்லை. பந்தயத்தில் எதற்காக இறங்கித் தள்ள வேண்டும்?

“அவங்க தெருவுல சைக்கிள் ஓட்றது இல்ல அண்ணே. தெருமுனை வேப்பமரத்தாண்ட எறங்கிடுவாங்க. கோயிலாண்ட ஏறிக்குவாங்க. எப்பவும் இருக்கறதுதான்.” பிறகு, நியாயம் பேசுகிறவன் போலச் சொன்னான். “ஏரிக்கரை, ஆறு எல்லாத்துலயும் எவ்ளோ வேகமா வேணா போவட்டும். நாங்க ஒண்ணும் சொல்லலியே.”

நான் நேராகக் காலனிக்குப் போனேன். அவர்களும் பொங்கல் வைத்திருந்தார்கள். வாசலில் சாக்பீஸால் சிலுவைபோட்ட வீடு. ரோசம்மா ஒரு தட்டில் பொங்கலும் கருணைக்கிழங்கும் வைத்துக் கொடுத்தாள். சாப்பிடுவேனா என்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாதி சாப்பிட்டதும் உள்ளே போய்விட்டாள்.

பந்தயத்திலிருந்து நாம் இரண்டு பேருமே விலகிவிடலாம் என்றேன். ஞானமுத்து சிரித்தான்.

“நீ இன்னா அண்ணாத்த. அவங்க சொன்னதுல ஒண்ணு மறந்துட்டாங்க. தள்ளிக்கினு ஓடக் கூடாதுன்னு சொல்லல. ஆத்துலயே நான் எவ்ளோ தூரம் முன்னாடி போயிடுவேன் தெரியுமா? தெரு பூரா தள்ளிக்கினே ஓடி, அவங்க வர்றதுக்குள்ள கோயிலாண்ட நிப்பேன். எறங்கின மாதிரியும் ஆச்சு, ஜெயிச்ச மாதிரியும் ஆச்சு.”

அது அவனுடைய திட்டம். அதில் ஓட்டை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

“வேணாம்னா கேக்க மாட்டேங்குது” என்றாள் ரோசம்மா உள்ளேயிருந்து.

காணும் பொங்கலன்று ஊரே மதகில் கூடியிருந்தது. கரும்பு கடித்த சக்கை காலில் மிதிபட்டது. பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றோம். கட்சிக்காரர் கைக்குட்டையை ஆட்டினார்.

கரைமேல் முந்த முடியாது. முதலில் எவன் ஏறுகிறானோ அவன்தான் முதல். ஏகாம்பரம் முதலில் ஏறினான், நான் இரண்டாவது, ஞானமுத்து எங்களுக்குப் பின்னால் நாலைந்து பேர் தள்ளி. அவன் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. எனக்குக் கவலையாக இருந்தது. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலிங்கல் பக்கம் வந்ததும் அவன் கரையை விட்டு நேராகச் சரிவில் இறங்கிவிட்டான். எங்கள் ஊர் ஆட்கள்கூட அந்தச் சரிவில் இரண்டுமுறை யோசிப்பார்கள். திரும்பிப் பார்த்தபோது புழுதிதான் தெரிந்தது. அடுத்த நிமிஷம் அவன் வயலில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். நெல் தாள் டயரில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆற்றில் அவன் சொன்னதுபோலவே நடந்தது. மற்றவர்களுக்கு மணலில் சக்கரம் புதைந்தது, இறங்கித் தள்ளினார்கள். நான் நின்று மிதித்து ஏகாம்பரத்தைத் தாண்டினேன். ஞானமுத்து அதற்குள் கொடியைச் சுற்றித் திரும்பி எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தான். தாண்டும்போது ஒரு கையைத் தூக்கிக் காட்டினான். நான் பல பந்தயம் ஓட்டியிருக்கிறேன். ஒருவன் அவ்வளவு சுலபமாக மணலில் போனதைப் பார்த்ததில்லை.

பனந்தோப்பைத் தாண்டித் தெருமுனைக்கு நான் வந்தபோது அவன் தெருவின் பாதிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் இருந்தான். இறங்கித்தான் இருந்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குனிந்து ஓடிக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் ஜனம். சிலர் சிரித்தார்கள். “மாடு பூட்டிக்கடா” என்றான் ஒருவன். விறகு ஏற்றுகிற சைக்கிள், கனம். மணலில் மிதித்த கால் அவனுக்கு ஓட வரவில்லை. அவன் கணக்குப் போடும்போது அதைச் சேர்க்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வேப்பமரத்தடியில் நான் இறங்கிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. அவன் தள்ளிக்கொண்டு ஓடும்போது அவனைச் சைக்கிளில் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை. நானும் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

கூட்டத்தை ஒதுக்க மூங்கில் கழியோடு நின்றவர்களில் சித்தப்பாவும் ஒருவர். தெரு நடுவில் இருந்த கிணற்றுக்கு அந்தப் பக்கம், பஜனைக் கோயில் வாசலில் நின்றிருந்தார். அங்கிருந்தே கத்தினார். “ஏறுப்பா சம்முவம். நீ ஏன் எறங்கற? ஏறு.”

ஞானமுத்து அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். நான் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தான். எனக்குப் பின்னால் ஏகாம்பரம் பெல் அடித்துக்கொண்டு, மிதித்துக்கொண்டு தெருவுக்குள் வருவதையும் பார்த்தான். கிணற்றடியில் அவன் ஒரு காலைப் பெடலில் வைத்து மறுகாலைத் தூக்கிப் போட்டு ஏறினான்.

அவன் சீட்டில் உட்காரவில்லை. நின்றபடி மிதித்தான். அவனும் பெல்லை அடித்தான், விடாமல் அடித்தான். தச்சர் வீட்டைத் தாண்டினான். அடுத்து இருந்த இரண்டு வீட்டையும் தாண்டினான். யாரோ ஒரு பெண் “ஐயோ” என்றாள். பஜனைக் கோயில் வாசலில் மூங்கில் கழி ஒன்று நீண்டு முன்சக்கரத்துக்குள் போனது.

கழியைப் பிடித்திருந்த கையை நான் பார்த்தேன். அந்தக் கையில் இருந்த மோதிரம் அப்பா அனுப்பியது.

ஞானமுத்து ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய்ப் பஜனைக் கோயில் படிக்கல்லில் விழுந்தான். சைக்கிள் அவன் தொடைமேல் விழுந்தது. ஏகாம்பரம் ஒதுங்கி, தாண்டிப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் அம்மன் கோயில் பக்கம் மைக்கில் அவன் பெயரைச் சொன்னார்கள்.

தொடை எலும்பு முறிந்தால் கால் எப்படிக் கிடக்கும் என்பது எனக்குத் தெரியும். தலையில் ரத்தம். கண் திறந்திருந்தது, ஆனால் பார்க்கவில்லை. என் சட்டையைக் கிழித்துத் தலையைக் கட்டினேன். காலுக்கு வைத்துக் கட்ட ஒரு கட்டை கேட்டேன். யாரும் நகரவில்லை. கடைசியில் அந்த மூங்கில் கழியையே உடைத்து இரண்டு பக்கமும் வைத்துக் கட்டினேன். வண்டி கேட்டேன். சித்தப்பாவின் வண்டி பத்தடியில் நின்றது. அவர் அங்கே இல்லை. காலனிக்காரர்கள் வயல் வழியாக ஓடிவந்து தெருமுனையில் நின்றார்கள். பிறகு தெருவுக்குள் வந்தார்கள். ஒரு கயிற்றுக் கட்டிலில் அவனைத் தூக்கிச் சாலைவரை போனோம். அங்கே ஒரு லாரிக்காரர் நிறுத்தினார். நெல் மூட்டைகளின்மேல் கட்டிலை வைத்துக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ரோசம்மா வழியெல்லாம் அவன் காதில் பேசிக்கொண்டே வந்தாள்.

சைக்கிளிலிருந்து விழுந்தான் என்று கூட வந்த ஒருவர் சொன்னார். விழவில்லை, சக்கரத்தில் கழியை விட்டு வீழ்த்தினார்கள் என்று நான் சொன்னேன். அதனால் போலீஸ் வந்தது.

விசாரிக்க வந்தவர் வயதானவர், கடுமையாகப் பேசவில்லை. கழியை விட்டது யார் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். உறவு என்ன என்று கேட்டார். அதையும் சொன்னேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தார்.

“சொந்தச் சித்தப்பாவையா?”

“ஆமாம்.”

“கப்பல் எப்போ? கேஸ் எழுதினா நீங்க இங்கயே இருக்கணும். பாஸ்போர்ட்டை வாங்கி வச்சிக்குவாங்க. ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ.”

இருக்கிறேன் என்றேன். என்னால் முடியுமா என்று எனக்கே தெரியாது. ஆனால் சொன்னேன்.

அப்போது ரோசம்மா எழுந்து வந்தாள். என்னிடம் பேசவில்லை, அவரிடம் பேசினாள். “அது தானா வுழுந்துச்சு சாமி. பிரேக் இல்லாத வண்டி.”

வெளியே வராந்தாவில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

“நீ நல்ல மனுசன்ணா. நீ சாட்சி சொல்லிட்டு கப்பல் ஏறிடுவ. எங்க வூடெல்லாம் கூரை. அறுப்புக்கு அவங்க நெலத்துக்குத்தான் போவணும். குடிதண்ணிக்கு அவங்க தெருவத் தாண்டித்தான் வரணும். இது ஒண்ணு படுத்திருக்குது, போதும்.”

விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

நான் சித்தப்பா வீட்டுக்குத் திரும்பவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். பட்டுச்சேலை எடுக்க வந்த குடும்பங்கள் சத்தமும் சிரிப்புமாக மாடிப்படியில் ஏறி இறங்கினார்கள். எல்லார் வீட்டிலும் தை மாதக் கல்யாணம். காலையில் மந்தாரை இலையில் வேகவைத்த மிளகு இட்லியை ஹோட்டலில் வைத்தார்கள். சுக்கும் மிளகும் மணக்கும் அதைச் சாப்பிட வேண்டும் என்று நான் கப்பலேறும்போது அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். சாப்பிட்டேன். எனக்கு ஒரு ருசியும் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் சித்தப்பா லாட்ஜுக்கு வந்தார். தோளில் ஒரு மூட்டை. சித்தி கொடுத்த அதிரசமும் முறுக்கும். என் சைக்கிளையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். துடைத்து வைத்திருந்தார்.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“சாவட்டும்னு செய்யலப்பா. நிக்கட்டும்னு செஞ்சேன்.”

“அப்பா இறங்கி நின்றார் என்று சொன்னபோது சோற்றிலிருந்து கையை எடுத்தீர்களே.”

“அதுவும் இதுவும் ஒண்ணா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என்னைக் கேட்கிறாரோ என்று தோன்றியது. பிறகு அவரே சொன்னார். “நான் வுட்டிருந்தா ஊரு என்னத்தான் கேக்கும். உன் அண்ணன் புள்ள எறங்கினான், அவன் ஏறினான், நீ பாத்துக்கினு நின்னியான்னு கேக்கும். நீ கப்பல் ஏறிடுவ. நான் இங்கதான் இருக்கணும்.”

ரோசம்மாவும் இதையேதான் சொன்னாள்.

“கல்யாணத்துக்கு வந்துடு கண்ணு. பொண்ணு அண்ணன் அண்ணன்னு கேக்குது.”

வரமாட்டேன் என்றேன். அவர் எழுந்தார். அன்று பஸ் நிலையத்தில் பிடித்தது போலவே என் முகத்தைப் பிடிக்கக் கை நீட்டினார். நான் பின்னால் நகர்ந்தேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இறக்கும்வரை அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

ஏகாம்பரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து சாத்துக்குடி வைத்துவிட்டுப் போனான். ரோசம்மா அவற்றைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டாள்.

ஞானமுத்துவின் காலைத் தூக்கிக் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையில் செங்கல்லைத் தொங்கவிட்டிருந்தார்கள். எலும்பு சேரும், ஆனால் கால் குட்டையாகிவிடும், பெடல் மிதிப்பது சந்தேகம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். விறகுத் தொட்டியில் அதற்குள் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். ரோசம்மா வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லுக்குக் கூலிக்குப் போகப் பேசி வைத்திருந்தாள்.

சென்னைக்குக் கிளம்புகிற அன்று காலையில் கடைசியாகப் போனேன். அவனுக்குத் தலை தெளிந்திருந்தது. முகம் வற்றிப்போயிருந்தது. ரோசம்மா கஞ்சி வாங்கிவரக் கீழே போயிருந்தாள்.

“அண்ணாத்த, ஒண்ணு கேக்கணும். ஆத்துல வந்தது நெனப்பு இருக்குது. தோப்பு நெனப்பு இருக்குது. வேப்பமரத்தாண்ட எறங்கினேன். தள்ளினேன். சிரிச்சாங்க. அது வரைக்கும் எல்லாம் இருக்குது. அப்புறம் இந்தக் கட்டில்தான். நான் ஏறினேன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அது இல்லவே இல்ல.” கூரையைப் பார்த்தபடி கேட்டான். “நெசமா ஏறினனா?”

“ஏறினாய்.”

“எங்க?”

“கிணற்றடியில். திரும்பி என்னைப் பார்த்தாய். பின்னால் ஏகாம்பரம் வந்தான். ஒரு காலை வைத்து ஒரே தூக்கில் ஏறினாய்.”

“ஒக்காந்து ஓட்டினனா?”

“நின்றுகொண்டே மிதித்தாய்.”

“பெல் அடிச்சனா?”

“அடித்தாய். நிறுத்தாமல் அடித்தாய்.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். “எது வரைக்கும் போனேன்?”

தச்சர் வீட்டைத் தாண்டியதைச் சொன்னேன். அடுத்த இரண்டு வீட்டையும், வாசலில் யார் யார் நின்றார்கள் என்பதையும் சொன்னேன். பஜனைக் கோயில் வரைக்கும் என்றேன்.

“பாதித் தெருவுக்கு மேல” என்றான்.

“பாதித் தெருவுக்கு மேல.”

ரோசம்மா தூக்குச் சட்டியோடு படியேறி வந்தாள். அவன் கண்ணைத் திறந்து அவளை உட்காரச் சொன்னான். கஞ்சி ஆறிவிடும் என்றாள். ஆறட்டும் என்றான். கீழே சாலையில் சென்னை பஸ் ஹாரன் அடித்தது.

“இன்னொரு வாட்டி சொல்லு அண்ணாத்த. இவளும் கேக்கட்டும்.”

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிணற்றடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.